குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆலோசகரை அமர்த்தும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நாட்டில் ஒன்றரை வயதுக் குழந்தைகளில் எத்தனை பேருக்குத் தடுப்பூசிகள் எல்லாம் போட்டாகிவிட்டன? எத்தனை பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறார்கள்? பத்து வயதுப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கல் இல்லாமல் படிக்குமா? ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்தான் இருப்பார்கள். பள்ளிப் பதிவேட்டில் பள்ளிக்கு வந்தவர்கள்தான். வராதவர்களையும் சேர்த்துத் தெரிய வேண்டுமென்றால் வீடு வீடாகப் போய்த்தான் ஆக வேண்டும். 1990-இல் நியூயார்க்கில் நடந்த குழந்தைகளுக்கான உலக உச்சி மாநாட்டில் நாடுகள் இலக்குகளை ஒப்புக்கொண்டன. அந்த இலக்குகளை அளக்க யூனிசெஃப் உருவாக்கியதுதான் பல்குறியீட்டுக் கொத்துக் கணக்கெடுப்பு. துறைக்காரர்கள் சுருக்கமாக 'மிக்ஸ்' என்பார்கள். 1995-இல் முதல் சுற்று தொடங்கியது, நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்திருக்கிறது.

கணக்கெடுப்பை நடத்துவது அந்தந்த நாட்டின் புள்ளியியல் துறை. யூனிசெஃப் பணமும் கருவிகளும் பயிற்சியும் தரும். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆலோசகர் வருவார். யூனிசெஃப்பின் ஒப்பந்தத்தில் இருந்துகொண்டு, புள்ளியியல் அலுவலகத்தில் ஒரு நாற்காலி போட்டு வேலை பார்ப்பவர். அந்த ஆளை எப்படித் தேடுவது, ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது, எங்கே சறுக்குகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

எடுத்துக்காட்டுக்கு நேபாளத்தை வைத்துக்கொள்வோம். 2019-இல் அங்கே நடந்த மிக்ஸ் கணக்கெடுப்பில் 512 தொகுதிகள் (தொகுதி என்றால் இங்கே அக்கம்பக்க வீடுகளின் கொத்து), தொகுதிக்கு 25 வீடுகள், ஆக 12,800 வீடுகள். கேட்கப் பெரிய எண்தான். இரண்டு வீட்டுக்கு ஒரு குழந்தை என்று தோராயமாகப் போட்டுப் பாருங்கள்: ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் சுமார் 6,400 பேர். தடுப்பூசி விவரத்துக்கு முக்கியமான வயது 12 முதல் 23 மாதம். அது ஐந்தில் ஒரு பங்கு, 1,280 பேர். நேபாளத்தில் ஏழு மாகாணங்கள். மாகாணத்துக்கு 180 பேர் தேறுவார்கள். ஒரு மாகாணத்தில் 70 சதவீதம் என்று விடை வந்தால், மெய்யான அளவு 62-க்கும் 78-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். அமைச்சகம் 'மாவட்ட வாரியாகவும் கொடுங்கள்' என்று கேட்கும்போது, 'முடியாது ஐயா, இதோ கணக்கு' என்று தாளில் போட்டுக் காட்டக்கூடிய ஆள் அந்த அறையில் வேண்டும். அதுவும் மாதிரி, அதாவது எந்தெந்த வீடுகளுக்குப் போவது என்பது, முடிவாவதற்கு முன்பே வேண்டும். களத்துக்குப் போய் வந்த பிறகு இந்தக் கணக்கைப் போட்டால் வருத்தப்படத்தான் முடியும்.

ஆகவே முதல் சங்கதி, ஆளை எப்போது எடுப்பது என்பது. திட்டமும் செலவுக் கணக்கும் எழுதும் கட்டத்திலேயே எடுக்க வேண்டும். பல அலுவலகங்களில் டேப்லெட் வாங்கியாயிற்று, வினாத்தாள் மொழிபெயர்த்தாயிற்று, பயிற்சிக்கு மண்டபமும் பேசியாயிற்று, அப்புறம்தான் ஆலோசகருக்கு விளம்பரம் போகிறது. விளம்பரம், தேர்வு, ஒப்பந்தம், பயணம் என்று அதற்கே மூன்று மாதம் ஓடிவிடும். உயரம் அளக்கும் பலகையும் எடைக்கருவியும் கோபன்ஹேகனில் உள்ள யூனிசெஃப் கிடங்கு வழியாக வருவதானால், கப்பல், சுங்கம் எல்லாம் சேர்த்து அதற்கும் மாதக்கணக்கு பிடிக்கும். ஆர்டர் எப்போது போட வேண்டும் என்று சொல்லவே ஆலோசகர் தேவை. பயிற்சி தொடங்கிய பிறகு பலகை வந்து இறங்கினால், அளப்பவர்கள் படத்தைப் பார்த்துத்தான் பழகியிருப்பார்கள்.

அடுத்தது, எத்தனை ஆள். பணி வரையறையை எழுதும்போது ஆசை பெருகிவிடும். மாதிரி வடிவமைப்பு, வினாத்தாள் திருத்தம், டேப்லெட் நிரல், பயிற்சி, கள மேற்பார்வை, அட்டவணை, அறிக்கை, எல்லாம் ஒருவரே என்று எழுதிவிடுவார்கள். அப்படி ஒருவர் கிடைக்க மாட்டார். கிடைத்தாலும் ஒரே வாரத்தில் இரண்டு இடத்தில் இருக்க மாட்டார். நடைமுறையில் இது மூன்று பேர் வேலை. முழுக்காலமும் உடன் இருக்கும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர். மாதிரி நிபுணர் ஒருவர்: மாதிரி எடுக்கும்போது சில வாரம், கடைசியில் மாதிரி எடை (தேர்வான ஒவ்வொரு வீடும் எத்தனை வீடுகளுக்குப் பிரதிநிதி என்ற எண்) கணக்கிடச் சில வாரம், அவ்வளவுதான். தரவு நிரல் பார்ப்பவர் ஒருவர், சிஎஸ்புரோ என்ற மென்பொருளில் டேப்லெட் நிரலையும் எஸ்பிஎஸ்எஸ் என்ற மென்பொருளில் அட்டவணையையும் கையாளத் தெரிந்தவர். மூவரையும் ஒரே விளம்பரத்தில் அடைக்காதீர்கள்.

மாதிரி நிபுணர் சில வாரம் போதும் என்றேன். ஆனால் அந்தச் சில வாரம் சாதாரணமானதல்ல. நேபாளத்தில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பழைய கிராம வளர்ச்சிக் குழுக்களின் எல்லையில் எடுக்கப்பட்டது. 2015 அரசியலமைப்புக்குப் பிறகு, 2017-இல் அவற்றைக் கலைத்தும் சேர்த்தும் 753 உள்ளாட்சிகள் ஆக்கினார்கள். பழைய வார்டு எந்தப் புது உள்ளாட்சிக்குள் போயிற்று, அது நகரமா கிராமமா என்று பொருத்திப் பார்த்த பிறகே 2019-இல் மாதிரி எடுக்க முடிந்தது. வெளியிலிருந்து வரும் நிபுணருக்கு இது தலைவேதனை. உள்ளூர் வரைபடப் பிரிவில் இருப்பவருக்கோ அன்றாட வேலை. இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் பொறுப்பைப் பணி வரையறையிலேயே எழுதிவிடலாம்.

தேர்ந்தெடுத்த தொகுதிக்குப் போனதும் வீட்டுப் பட்டியலைப் புதிதாக எடுக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கில் 90 வீடு இருந்த தொகுதியில் இப்போது 120 வீடு என்று வையுங்கள். 25 வீடு எடுத்தால் ஒரு வீடு தேர்வாகும் வாய்ப்பு 120-க்கு 25. பழைய பட்டியலையே வைத்துக்கொண்டால் வாய்ப்பு 90-க்கு 25 என்று ஆகிவிடும், புதிதாகக் குடிவந்த 30 குடும்பங்கள் கணக்கிலேயே வராமல் போகும். அந்த 30 குடும்பங்கள் பெரும்பாலும் வாடகைக்கு வந்தவர்கள், கூலி வேலைக்கு வந்தவர்கள். தடுப்பூசி தவறியிருக்கும் குழந்தை அங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம். பட்டியலுக்குத் தனிச் செலவு ஆகும் என்பதால் இதை வெட்டிவிடலாம் என்ற பேச்சு எந்த நாட்டிலும் வரும். வெட்டக் கூடாது என்று சொல்லும் துணிச்சல் ஆலோசகருக்கு வேண்டும். பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீடு என்பதும் கிடையாது. வேறு வேறு நேரத்தில் மூன்று தடவை போய்ப் பார்க்க வேண்டும், அப்புறமும் ஆள் இல்லையென்றால் 'இல்லை' என்றே பதிய வேண்டும்.

இனி நேர்முகத் தேர்வு. விண்ணப்பத்தில் எல்லாரும் 'பத்து நாட்டு அனுபவம்' என்றுதான் எழுதியிருப்பார்கள். அதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பதைவிட, ஒரு கற்பனை அட்டவணையை நீட்டுங்கள். ஏதோ ஒரு களக்குழு பதிவு செய்த பிள்ளைகள் வயதுவாரியாக: மூன்று வயது 41 பேர், நான்கு வயது 22, ஐந்து வயது 63, ஆறு வயது 40. இதில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.

விஷயம் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார். நான்கு வயதில் பள்ளம், ஐந்து வயதில் மேடு. ஐந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வினாத்தாள் உண்டு, தடுப்பூசி அட்டையைப் பார்த்து எழுத வேண்டும், எடையும் உயரமும் அளக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கே நிறைய நேரம் பிடிக்கும். அதே பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிட்டது என்று எழுதிவிட்டால் அத்தனையும் மிச்சம். ஐந்து முதல் பதினேழு வரை உள்ளவர்களில் வீட்டுக்கு ஒருவரைத்தான் குலுக்கலில் எடுப்பார்கள். களைத்துப்போன நேர்காணல்காரர் செய்யும் வேலை இது. 49 வயது வரை உள்ள பெண்களுக்கும் தனி வினாத்தாள் உண்டு, அவர்களை 49-இலிருந்து 50-க்குத் தள்ளுவதும் இதே வகைதான். நல்ல ஆலோசகர் அடுத்து கேட்பது, 'குழுவில் யார் யாருடைய எண் இது, ஆள்வாரியாகப் பிரித்துக் காட்ட முடியுமா?' அப்புறம், சந்தேகப்பட்ட வீடுகளுக்கு மேற்பார்வையாளரை அன்றைக்கே திருப்பி அனுப்புவேன் என்பார். மற்றவர் 'கடைசியில் மாதிரி எடை போட்டுச் சரிசெய்துவிடலாம்' என்பார். அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். கேட்காத கேள்விக்கு எந்த மாதிரி எடையாலும் பதில் வராது.

தொழில்நுட்பத் தகுதிக்கும் விலைக்கும் தனித்தனி மதிப்பெண் கொடுப்பது ஐ.நா. அமைப்புகளின் வழக்கம். 70-க்கு 30, 80-க்கு 20 என்பது போலப் பங்கு வைப்பார்கள். இந்த வேலைக்கு 80-க்கு 20 நல்லது. கட்டணத்தில் மிச்சம் பிடிக்கும் தொகை, ஒரு குழுவை ஒரு வாரம் மறுபடி களத்துக்கு அனுப்பினால் கரைந்துவிடும்.

ஒப்பந்தத்தில் பணத்தவணையை எதோடு கட்டுகிறீர்கள் என்பதில்தான் பெரிய கோளாறு. வழக்கமாக எழுதுவது: பயிற்சி அறிக்கை கொடுத்தால் ஒரு தவணை, களப்பணி அறிக்கைக்கு ஒரு தவணை, இறுதி அறிக்கைக்கு ஒரு தவணை. விளைவு, அறிக்கைகள் அழகாக வரும். பயிற்சியில் அளப்பவர்கள் தேறினார்களா என்பது அதில் இருக்காது. அதற்குப் பதில், அளவீட்டுத் தரப்படுத்தல் பயிற்சியின் முடிவுத்தாளைக் கேளுங்கள். சுமார் பத்துக் குழந்தைகளை ஒவ்வொரு அளப்பவரும் இரண்டிரண்டு முறை அளக்க வேண்டும், இரண்டு அளவுக்கும் எவ்வளவு வித்தியாசம், பயிற்றுநரின் அளவுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அதில் தெரியும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் படுக்க வைத்து அளப்பது, மேலே என்றால் நிற்க வைத்து. ஒரே பிள்ளையைப் படுக்க வைத்தால் நிற்கும் உயரத்தைவிடச் சராசரியாக 0.7 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். எப்படி அளந்தார்கள் என்று குறிக்க மறந்தால் அந்த 0.7 பிழையாகவே தங்கிவிடும்.

வயதில் பிழை வந்தால் இன்னும் மோசம். இரண்டு வயதுப் பிள்ளை இரண்டு மாதத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வளர வேண்டும். பிறந்த மாதம் இரண்டு மாதம் தப்பினால், குள்ளத்தன்மைக் கணக்கில் ஏறக்குறைய அரைத் திட்டவிலக்கம், அதாவது ஒரே வயதுப் பிள்ளைகளின் உயரம் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவில் பாதி, தப்பும். நேபாளத்தில் தாய்மார் தேதி சொல்வது விக்கிரம சம்வத்தில். புத்தாண்டு நம் சித்திரைக்கு ஒட்டியே வரும், மாதத்துக்கு 29 முதல் 32 நாள், ஆண்டு எண்ணோ ஆங்கில ஆண்டைவிட 56 அல்லது 57 கூடுதல். அதை நேர்காணல்காரர் மனக்கணக்காக மாற்றக் கூடாது. சொன்னபடியே பதிந்து, நிரல்தான் மாற்ற வேண்டும். ஆகவே நிரல் பார்ப்பவருக்கான பணி வரையறையில் 'உள்ளூர் நாட்காட்டி' என்று ஒரு வரி இருப்பது அவசியம்.

களப்பணி நடக்கும்போது ஆலோசகரிடம் கேட்க வேண்டியது வாராந்திரக் களச்சரிபார்ப்பு அட்டவணையும், அதைப் பார்த்து எந்தக் குழுவுக்கு என்ன சொன்னார் என்ற குறிப்பும். உயரத்தின் கடைசி இலக்கம் பூஜ்யமாகவோ ஐந்தாகவோ அளவுக்கு மீறி வருகிறதா? அப்படியென்றால் அளக்காமல் குத்துமதிப்பாக எழுதுகிறார்கள். எத்தனை பிள்ளைகள் அளக்காமல் விடப்பட்டார்கள்? குடிநீர்ச் சோதனைக்கு எல்லாக் குழுக்களும் தவறாமல் வெறுஞ்சோதனை செய்கின்றனவா? தொகுதியில் சில வீடுகளில் 100 மில்லிலிட்டர் தண்ணீரை வடிகட்டி, தட்டில் வைத்து, இன்குபேட்டரில் 24 முதல் 48 மணி நேரம் கழித்து ஈ.கோலி எண்ணுவார்கள். கிருமியில்லாத பாட்டில் தண்ணீரிலும் அதையே செய்து பார்ப்பதுதான் வெறுஞ்சோதனை. அதில் கிருமி முளைத்தால் குற்றம் ஊர்க் கிணற்றில் இல்லை, குழுவின் கையில்.

கால அளவிலும் ஓர் ஓட்டை உண்டு. 512 தொகுதி, பயணம் சேர்த்துத் தொகுதிக்கு நான்கு நாள், இருபது குழு என்றால் நூறு நாள் சொச்சம். காகிதத்தில் சரிதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, மலைச்சாலை சரியும், அதை ஒட்டி நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசைன் விடுமுறை வரும். களம் இரண்டு மாதம் தள்ளிப்போகும்போது ஒப்பந்தத் தேதி தள்ளிப்போகாது. மாதிரி எடையும் அட்டவணைச் சரிபார்ப்பும் வருகிற நேரத்தில் ஆலோசகர் அடுத்த நாட்டுக்குப் போயிருப்பார். காலண்டர் தேதியில் முடிக்காமல், வேலை நாட்களின் எண்ணிக்கையில் எழுதுவது இதற்குத் தீர்வு. வேலை இல்லாத வாரத்தில் நாள் செலவாகாது, தேவைப்படும்போது இருக்கும்.

விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆலோசகர் என்பவர் ஊழியர் அல்ல. மருத்துவக் காப்பீடு உங்கள் பொறுப்பு, ஐ.நா.வின் இணையவழிப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்த சான்றிதழ் கேட்பார்கள். விலை சொல்லும்போது இவற்றையும் கணக்கில் சேருங்கள்.

கடைசித் தவணையை வேலையை ஒப்படைப்பதோடு கட்டுங்கள். மாதிரி எடுத்த கோப்பு, வீட்டுப் பட்டியல், டேப்லெட் நிரலின் மூலக்கோப்பு, அட்டவணை நிரல்கள், கடவுச்சொற்கள் எல்லாம் புள்ளியியல் அலுவலகத்தின் கணினியில் இருக்க வேண்டும். அங்குள்ள ஓர் அலுவலர், ஆலோசகர் பக்கத்தில் இல்லாமல், ஒரே ஓர் அட்டவணையைத் தரவிலிருந்து புதிதாக ஓட்டிப் பார்த்து அச்சிட்ட எண்ணையே எடுத்துக்காட்ட வேண்டும். பெயரும் முகவரியும் உள்ள தரவின் நகல் எதுவும் ஆலோசகரின் மடிக்கணினியில் இல்லை என்று எழுதி வாங்கிய பிறகு காசோலையில் கையெழுத்திடலாம்.

வணக்கம்.