முதலில் சோறு

அவையோருக்கு வணக்கம்.

ஆளவி என்ற ஊருக்குப் புத்தர் வந்திருக்கிறார். ஊரே கூடியிருக்கிறது. அவரோ பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். தொலைந்துபோன மாட்டைத் தேடி அலைந்துவிட்டு, ஓர் ஏழை உழவன் பசியோடு கடைசியில் வந்து சேர்கிறான். மீந்த உணவு இருக்கிறதா என்று கேட்டு, அவனைச் சாப்பிட வைத்த பிறகுதான் உபதேசம் தொடங்குகிறது. பிக்குகள் முணுமுணுத்தார்கள். பசித்தவன் காதில் தர்மம் ஏறாது, பசியைவிடப் பெரிய நோய் இல்லை என்று அவர்களுக்குச் சொன்னார் புத்தர். புத்தர் வாக்குகளின் தொகுப்பான தம்மபதத்தின் 203-ஆம் பாடலுக்கு உரைகாரர்கள் சொல்லும் கதை இது.

மணிமேகலைக் காப்பியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த உழவன் நினைவுக்கு வருவான். "பசிப்பிணி என்னும் பாவி" என்று அங்கே புத்த பீடிகையைக் காக்கும் தீவதிலகை பசியைத் திட்டவே செய்கிறாள். குடிப்பெருமையை அழிக்கும், கற்ற கல்வியைக் கைவிட வைக்கும், கட்டிய மனைவியோடு அடுத்தவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் என்கிறாள்.

காப்பியத்தின் அமைப்பையும் பாருங்கள். மொத்தம் 30 காதைகள். 11-ஆம் காதையிலேயே, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வந்துவிடுகிறது. தருக்கமும், துன்பத்தின் காரணச் சங்கிலியான பன்னிரு நிதானமும் 29, 30-ஆம் காதைகளில்தான் விரிகின்றன. நடுவில் அவள் என்ன செய்கிறாள்? யானைத்தீ என்னும் அடங்காப் பசியில் துடிக்கும் காயசண்டிகைக்குச் சோறிடுகிறாள். சிறைக்குள் போய்க் கைதிகளுக்கு ஊட்டுகிறாள். சோழ மன்னன் அழைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க, அந்தச் சிறையையே அறவோர் கோட்டமாக்கித் தரச் சொல்கிறாள். அவனும் ஆக்கித் தருகிறான். கடைசி இரண்டு காதைகள்தான் தத்துவம், மற்றதெல்லாம் கதை என்று பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் நம் காலத்துக்கு வருவோம். அயோத்திதாசர் 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். புத்தரின் அறமான தம்மத்தை அவர் அரசியலாக்கிவிட்டார் என்று குறை சொல்பவர்கள் உண்டு. சிறையை அறக்கோட்டமாக்கக் கேட்ட பெண்ணைக் காப்பியத் தலைவியாகக் கொண்ட நமக்கு அது புதிதாகத் தோன்றலாமா?

ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. மணிமேகலையை எழுதிய சாத்தனார் பழவினையை விடவில்லை. மணிமேகலையை விரும்பிய இளவரசன் உதயகுமாரன் வெட்டுண்டு இறந்ததற்கும் முற்பிறவிச் செயலைத்தான் காரணமாகக் காட்டுகிறார். அம்பேத்கர் இதை ஏற்கவில்லை. ஏழையின் நிலைக்கு அவன் முற்பிறவிதான் காரணம் என்றால், சமுதாயமும் அரசும் பொறுப்பிலிருந்து தப்பித்துக்கொள்ளும் என்று வாதிட்டார். இந்த இடத்தில் சாத்தனாரை விட்டுவிட்டு அம்பேத்கரோடுதான் என்னால் நிற்க முடிகிறது.