வந்த எம்பி திரும்பி வருவாரா?

வணக்கம். டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், மரிட்ஸ்பர்க், எங்கேர்ந்து கேட்டாலும் எல்லாருக்கும் வணக்கம். கிச்சன்ல வேலையா இருக்கறவங்க ரேடியோவ கொஞ்சம் சத்தமா வச்சுக்குங்க. இன்னைக்கு அரசியல்தான், நம்ம எம்பிங்க ஊர்ப்பக்கம் வர்றாங்களாங்கறத பத்தித்தான் பேசப்போறேன், ஆனா பயப்படாதீங்க, எந்தக் கட்சிக்கும் ஓட்டு கேக்க வரல.

அமெரிக்காவுல ஐயோவான்னு ஒரு ஸ்டேட், சோளக்காடும் பன்னிப் பண்ணையும்தான் அங்க ஜாஸ்தி. அந்த ஸ்டேட்டோட செனட்டர் சக் கிராஸ்லி, 1980 எலெக்‌ஷன்ல ஜெயிச்சு செனட்டுக்குப் போனவரு, இப்ப வயசு தொண்ணூற தாண்டிருச்சு. அங்க மொத்தம் 99 கவுண்டி, நம்ம டிஸ்ட்ரிக்ட் மாதிரின்னு வச்சுக்குங்களேன். மனுஷன் வருஷா வருஷம் 99க்கும் போயிருவாரு. எல்லாமே பொதுக்கூட்டம்னு சொல்ல முடியாது, சிலது ஒரு ஃபேக்டரிக்குள்ள இருக்கும், சிலது ஸ்கூலுக்குள்ள இருக்கும், அதுக்கு அங்கயே திட்டும் வாங்கறாரு. அவரோட கொள்கை எதுவும் எனக்கு ஒத்துவராது, அது வேற விஷயம். ஆனா போறாரு பாருங்க.

தென்னாப்பிரிக்காவுல நம்ம மாகாணம் குவாசுலு-நட்டால், ஐயோவாவ விட சின்னது. டிஸ்ட்ரிக்ட் பத்து, ஈத்தெக்வினி மெட்ரோ, அதான் நம்ம டர்பன் மாநகரம், அதையும் சேத்தா 11. வடக்க ஜோசினிலேர்ந்து தெக்க கோக்ஸ்டாட் வரைக்கும் சுத்துனாலும் வருஷத்துக்கு 11 எடம்தான். அத மனசுல வச்சுக்கிட்டு மேல கேளுங்க.

நம்ம எம்பிங்க ஏன் அப்படி வர்றதில்லன்னா, வரலன்னா வேலை போயிரும்ங்கற பயம் கிடையாது. நேஷனல் அசெம்பிளில 400 சீட், நாம ஓட்டு போடறது பெரும்பாலும் கட்சிக்கு, ஆள் யாருங்கறது கட்சி லிஸ்ட்ல இருக்கு. தேர்தல் முடிஞ்சப்புறம் கட்சிதான் "நீ இந்த ஏரியாவ பாத்துக்க"ன்னு பிரிச்சுக் குடுக்கும், அதுக்குன்னு ஆபீஸ் உண்டு, பார்லிமென்ட்லேர்ந்து பணமும் வருது, ஏரியாவுக்குப் போய் மக்களப் பாக்க கான்ஸ்டிட்யுவென்சி பீரியட்னு காலமும் ஒதுக்கி விடறாங்க. உங்க ஏரியாவுக்குப் போட்ட எம்பி யாருன்னு பக்கத்து வீட்ல கேட்டுப் பாருங்க, கவுன்சிலர் பேரு வரும், எம்பி பேரு வராது.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு, வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1984ல ட்ரைகேமரல் பார்லிமென்ட், அதாவது வெள்ளைக்காரங்க, கலர்டு, இந்தியருன்னு தனித்தனியா மூணு சபை வச்ச பார்லிமென்ட் வந்தப்ப இந்தியருங்களுக்குன்னு ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ், 45 பேர்ல 40 பேர் ஏரியா ஏரியாவா நேரடியா தேர்ந்தெடுக்கப்பட்டவங்க. அப்ப நமக்குன்னு ஏரியா எம்பி இருந்தாரு, ஆனா நாட்ல பெரும்பான்மையா இருந்த கறுப்பின மக்களுக்கு ஓட்டே இல்ல, அது பார்லிமென்ட்டே இல்லன்னு நம்மள்ல முக்கால்வாசிப் பேருக்கு மேல ஓட்டு போடாம பாய்காட் பண்ணாங்க. சரியாத்தான் பண்ணாங்க. 1994க்கு அப்புறம் நிஜ பார்லிமென்ட் வந்துச்சு, ஏரியா எம்பி போயிட்டாரு.

சரி, கதைக்கு வர்றேன், இத சொல்லத்தான் மெயினா வந்தேன். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கப்புறம் எங்க பக்கம், ஊர் பேரு வேணாம், பைப்ல தண்ணி இல்ல. ஒரு எம்பி வந்தாரு, ஹால்ல கூட்டம், சமோசா டீ எல்லாம் உண்டு. முன்னாடி ஒரு தாத்தா எழுந்து ரோட்ல குழின்னு சொன்னாரு, எம்பி "தாத்தா, அது முனிசிபாலிட்டி வேலை, நான் நேஷனல்"ன்னாரு. தாத்தா விடல, "ஓட்டு கேக்க வந்தப்ப ரோட்டையும் சேத்துத்தானே தம்பி பேசுனீங்க?"ன்னாரு. ஹால் முழுக்க சிரிப்பு.

அப்புறம் ஒரு ஆயா பேசுனாங்க. டேங்கர் காலைல பத்து மணிக்கு வருது, அப்ப வீட்ல இருக்கறது கிழடுங்க மட்டும்தான், பேரப்புள்ளைங்க ஸ்கூல்ல, மகன் வேலைல, 25 லிட்டர் பக்கெட்ட தூக்கிட்டு நான் மூணு மாடி ஏறவா, சாயங்காலம் அனுப்புனா என்னன்னு கேட்டாங்க. எம்பி தலைய ஆட்டுனாரு, செக்ரட்டரி நோட்ல எழுதுனாங்க. ஆயா உக்காரல. "எழுதுனத திருப்பிப் படிம்மா"ன்னாங்க. அந்தப் பொண்ணு படிச்சா: "வாட்டர் ப்ராப்ளம்." அவ்வளவுதான்! பத்து மணி இல்ல, மாடி இல்ல, பக்கெட் இல்ல. ஆயா நின்னே ஒவ்வொண்ணா சொல்லி எழுத வச்சாங்க, டைம் உட்பட. அந்த வாரமே டேங்கர் சாயங்காலம் வந்துச்சு, கொஞ்ச நாள்தான், திரும்ப பத்து மணிக்கே மாறிடுச்சு, அந்த எம்பியும் அப்புறம் வரவே இல்ல.

நான் திரும்பத் திரும்ப சொல்றது இதான், வந்தாரான்னு கேக்காதீங்க, ரெண்டாவது வாட்டி வந்தாரான்னு கேளுங்க. மொத வாட்டி போட்டோவுக்கு வரலாம். ரெண்டாவது வாட்டி வர்றவரு பதில் சொல்லணும், நோட்ட தெறந்து இது ஆச்சு, இது ஆகல, ஆகாததுக்குக் காரணம் இதுன்னு சொல்லணும். ரோடு முனிசிபாலிட்டிதான், ஸ்கூலும் க்ளினிக்கும் பெரும்பாலும் மாகாணம்தான், ஐடி கார்டும், கிராண்டுங்கற அரசாங்க உதவிப் பணமும் நேஷனல்தான், ஒத்துக்கறேன், ஆனா அந்த பேப்பர சரியான டேபிளுக்கு எடுத்துட்டுப் போறது எம்பி வேலை, ஆயா வேலை இல்ல.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைய காட்றாங்க, டைம் ஆயிருச்சு போல. தேர்தல் முறைய எப்படி மாத்தலாம்னு ஆராஞ்ச ஸ்லாபர்ட் கமிட்டி 2003ல குடுத்த ரிப்போர்ட் பத்தி விரிவா பேச நெனச்சேன், நாட்ட 69 தொகுதியா பிரிச்சு, அதுலேர்ந்து 300 பேர், லிஸ்ட்லேர்ந்து 100 பேர்னு சொன்னாங்க, ஓரமா வச்சுட்டாங்க. 2024லேர்ந்து சுயேச்சையும் நிக்கலாம், அதுக்குத்தான் மூணாவது பேலட் பேப்பர் வந்துச்சு. கான்ஸ்டிட்யூஷன்ல செக்‌ஷன் 59, சட்டம் போடறப்ப மக்கள கேக்கணும்னு இருக்கு, கோர்ட்டு 2006ல மக்கள சரியா கேக்கலன்னு சட்டத்தையே செல்லாதுன்னு சொல்லிருக்கு, அதுக்கு இன்னொரு நாள் கூப்பிட்டா வர்றேன். திங்கக்கெழம உங்க ஏரியா எம்பி யாரு, ஆபீஸ் எங்கன்னு மட்டும் ஒரு போன் போட்டு விசாரிங்க. நன்றி, வணக்கம்.