உட்காரும் உரிமை: ஒரு சட்டம் கடைக்குள் வருவது எப்படி?

(காட்சி: ஜவுளிக்கடை, சேலைப் பிரிவு, இரவு நேரம்)

வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். விரித்துக் காட்டிய சேலைகளை ஒரு பெண் மடித்து அடுக்குகிறார். காலையிலிருந்து நின்ற கால் வீங்கியிருக்கிறது. இப்போதும் நின்றபடிதான் மடிக்கிறார். இவர் உட்காரலாம் என்று தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது.

(காட்சி: சட்டப்பேரவை)

முதலில் இதற்காகப் போராடியவர்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் பேரவையில் சட்டமுன்வடிவை அறிமுகம் செய்தார். அதே மாதம் அது நிறைவேறியது. பேரவையில் நிறைவேறினால் மட்டும் போதாது; ஆளுநர் ஒப்புதல் அளித்து, அரசிதழில் வெளியான பிறகுதான் அது சட்டம்.

(காட்சி: அரசிதழின் பக்கம்)

பலரும் தடுமாறும் இடம் இதுதான். ‘உட்காரும் உரிமைச் சட்டம்’ என்று தேடினால் அந்தப் பெயரில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்குள் 22-ஏ என்ற ஒரு பிரிவாக அது சேர்க்கப்பட்டிருக்கிறது. திருத்தச் சட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் பழைய சட்டத்துக்குள் போய் அமர்ந்துகொள்ளும். அதனால் மூலச் சட்டத்தை, திருத்தங்கள் சேர்ந்த பதிப்பாகப் பார்த்துப் படியுங்கள். மத்திய அரசின் ‘இந்தியா கோட்’ தளத்தில் மாநிலச் சட்டங்களையும் தேடலாம்.

பிரிவு சிறியதுதான். ஆனால் சொல்லுக்குச் சொல் கவனிக்க வேண்டும். ‘எல்லாப் பணியாளர்களுக்கும்’ இருக்கை வேண்டும் என்கிறது. மூலையில் இரண்டு ஸ்டூல் போட்டால் கணக்குத் தீராது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காரலாம் என்பதே அதன் நோக்கம். உணவு இடைவேளையைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது.

(காட்சி: கடைக்குள் ஆய்வாளர்)

கடைக்குள் வந்து பார்க்க வேண்டியவர் தொழிலாளர் துறை ஆய்வாளர். ஸ்டூல் இருக்கிறதா என்பதை அவர் ஒரு பார்வையில் அறிந்துவிடுவார். உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் திட்டுகிறாரா என்பது அந்தப் பார்வைக்குச் சிக்காது. அதைப் பணியாளர்தான் சொல்ல வேண்டும். வேலை போய்விடும் என்ற பயம் அவர் வாயை அடைக்கிறது. இந்தச் சட்டத்தின் உண்மையான பலவீனம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தொழிற்சங்கம் முன்வந்து புகார் கொடுத்தால் அந்தப் பயம் பாதி குறையும். மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுக்கும் மனுவில் சட்டத்தின் முழுப்பெயரையும், 22-ஏ என்ற பிரிவு எண்ணையும் எழுதுங்கள். மனுவைப் பெற்றதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள்.