ஒரே ஒரு பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

கடுமையான காலரா கண்டவரின் உடலிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீர்கூட வெளியேறிவிடும். கழுநீர் போல வெளுத்துக் கலங்கிய நீர். கண் குழிந்து, தோல் சுருங்கி, காலையில் நடமாடியவர் மாலைக்குள் இறந்துபோவது உண்டு. இவ்வளவு நீரையும் வெளியே இழுப்பது எது?

ராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை இனங்கண்டபோதே, அது ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்க வேண்டும் என்று ஊகித்தார். அந்த நஞ்சு இருப்பதை நிரூபிக்க 75 ஆண்டுகள் பிடித்தன. நிரூபித்தவர், அதே கல்கத்தாவின் மருத்துவக் கல்லூரியில் நோயியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சம்புநாத் தே.

அவருக்கு முன் பலர் தேடினார்கள். கிருமியை விலங்கின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தார்கள். தே எளிமையாக யோசித்தார்: நோய் நடப்பது குடலுக்குள்; அப்படியானால் குடலுக்குள்தான் பார்க்க வேண்டும். முயலின் சிறுகுடலில் சிறு பகுதியை இருபுறமும் நூலால் கட்டினார். உள்ளே கிருமியைச் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டு ஒரு நாள் காத்திருந்தார். மறுநாள் திறந்தால், கட்டிய பகுதி மட்டும் நீர் கோத்து உருண்டு திரண்டிருந்தது. இது 1953-இல் வெளிவந்தது. அடுத்து, கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் வீங்கியது. ஆக, வேலையைச் செய்வது கிருமி வெளியே விடும் நஞ்சு!

இந்த முடிவு 1959 மே மாதம் 'நேச்சர்' இதழில் இரண்டே பக்கங்களில் வந்தது. அதே ஆண்டில் பம்பாயில் என்.கே. தத்தாவின் குழுவும் குட்டி முயல்களை வைத்து இதே திசையில் முடிவு கண்டது. அதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் என் மனத்தை உறுத்துகிறது. ஓர் ஆய்வின் தாக்கத்தை இன்று மேற்கோள் எண்ணிக்கையால் அளக்கிறோம்: பிற ஆய்வாளர்கள் எத்தனை முறை அதைச் சுட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கு. தேயின் கட்டுரையை முதலில் பலர் பொருட்படுத்தவில்லை. 1969-இல் அமெரிக்காவில் ஃபிங்கெல்ஸ்டைனும் லோஸ்பலுட்டோவும் நஞ்சைத் தூய வடிவில் பிரித்தெடுத்தார்கள். துறை வேகம் பிடித்தது. ஆனால் ஒரு கண்டுபிடிப்பு பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டால், அதைக் கண்டவர் பெயரை எழுதத் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. 'காலரா நஞ்சு' என்று எழுதும்போது யாரும் அடிக்குறிப்புப் போடுவதில்லை. எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு ஆய்வின் வெற்றியே காரணமாக இருக்க முடியும். பணி நியமனத்துக்கும் பரிசுக்கும் எண்ணிக்கையை மட்டும் புரட்டிப் பார்ப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

நோபல் அறக்கட்டளையின் சார்பில் 1978-இல் ஸ்டாக்ஹோமில் காலரா பற்றிய கருத்தரங்கு நடந்தது. தேயை அழைத்திருந்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்திலேயே தான் இறந்துவிட்டதாகவும், இந்தக் கருத்தரங்குதான் தன்னைத் தோண்டியெடுத்திருப்பதாகவும் அவர் அங்கே சொன்னார். இந்தியாவின் அறிவியல் கழகம் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், அவரை அப்பரிசுக்கே பரிந்துரைத்திருந்தார்.

ஆனாலும் மேற்கோள் கணக்கை நான் தூற்ற மாட்டேன். அறிவியல் மேற்கோள் அட்டவணையை 1964-இல் தொடங்கிய யூஜீன் கார்ஃபீல்டுதான், காலரா ஆய்வில் எந்தக் கட்டுரை எதிலிருந்து கிளைத்தது என்று வரைபடம் போட்டு, வேரில் தே இருப்பதைக் காட்டினார். எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், சுட்டல்களைப் பின்தொடர்ந்து போனதால் கிடைத்த முடிவு அது. கார்ஃபீல்டின் அந்தக் கட்டுரை 1986-இல் வெளியானது. தே அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

குடல்சுவர் சிதைவதில்லை, நஞ்சு அதை நீர் சுரக்க வைக்கிறது என்பது பின்னர் உறுதியானது. சர்க்கரையோடு சேர்த்துக் கொடுக்கும் உப்பை அந்த நிலையிலும் குடல் உறிஞ்சிக்கொள்ளும். உப்புச் சர்க்கரைக் கரைசல் உயிர் காப்பது இதனால்தான்.

மருத்துவம் படிக்கும் மாணவர்கள் அந்த 1959 இதழைத் தேடி எடுத்துப் படியுங்கள். இரண்டு பக்கம்தான். ஆசிரியர் என்று ஒரே ஒரு பெயர் இருக்கும்.

நன்றி, வணக்கம்.