கிளிமீனின் கொசுவலை

நேயர்களுக்கு வணக்கம்.

பவளத்திட்டுக்குப் படகில் போய் ஓர் இரவு தங்கிவிட்டு வந்ததைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் கடல் ஆராய்ச்சியாளர் இல்லை. நீச்சல் தெரியும், அதுவும் குளத்து நீச்சல். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் முதன்முதலாக மாஸ்க் மாட்டிக்கொண்டு கடலில் முகத்தைக் கவிழ்த்தேன்.

இந்தப் பயணத்துக்கு முன்பு ஒரு தடவை பகல் படகில் போய்வந்திருந்தேன். காலையில் கிளம்பி, உச்சி வெயிலில் தண்ணீரில் இறக்கிவிட்டு, மூன்று மணிக்கெல்லாம் திரும்பிவிடும் படகு. நன்றாகத்தான் இருந்தது. என் அக்கா மகள் முறையாகப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கி, முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு முங்கும் ஸ்கூபா டைவிங் செய்கிறவள். நான் எடுத்துவந்த படங்களைப் பார்த்துவிட்டு, "சித்தி, மத்தியானத்துல கடைத்தெருவை மட்டும் பார்த்துட்டு ஊரையே பார்த்தேன்னு சொல்றீங்க" என்றாள். சுருக்கென்றுதான் இருந்தது. அடுத்த தடவை, இரவு தங்கும் படகில் அவளோடு போனேன்.

கிளம்பும்போதே ஒரு தப்பு செய்தேன். வாந்தி மாத்திரையைப் படகு ஆட ஆரம்பித்த பிறகு போட்டேன். அதைக் கிளம்புவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். மீதிப் பயணத்தைப் படகின் பின்பக்கத்தில் தொடுவானத்தைப் பார்த்தபடி கழித்தேன். கீழே அறைக்குள் போய்ப் படுத்தவர்களின் கதி என்னுடையதைவிட மோசம். அதை விவரிக்க வேண்டாம்.

திட்டு வந்ததும் படகு நங்கூரம் போடவில்லை. அங்கே ஏற்கெனவே கட்டி மிதக்கவிட்டிருந்த மிதவை ஒன்றில் கயிற்றை மாட்டினார்கள். நங்கூரமும் சங்கிலியும் ஒரே இழுப்பில் நொறுக்குவதைத் திரும்பக் கட்டப் பவளத்துக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். பாறைபோல உருண்டு வளரும் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. ஆள் உயரத்துக்கு ஒன்று நின்றால் அது நம் கொள்ளுப்பாட்டி காலத்துக்கும் முந்தியது. கிளைவிடும் வகைகளில் சில ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும். ஆனால் ஃபின் என்கிற நீச்சல் துடுப்பு மாட்டிய கால் ஒன்று பட்டால் சுள்ளிபோல ஒடிந்துவிடும்.

பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கிற சிவப்புதான் பலருக்கும் நினைவு வரும். பழந்தமிழில் துகிர் என்றார்கள். அந்தப் பவளம் மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில், வெளிச்சம் குறைந்த பாறை இடுக்குகளில் வளர்வது. அது திட்டு கட்டாது. திட்டு கட்டுகிறவை வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலும் சில மில்லிமீட்டரே இருக்கும் குட்டி உயிரிகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, தங்களுக்குக் கீழே சுண்ணாம்பைப் படியவிட்டுக்கொண்டே போகின்றன. அவற்றின் உடம்புக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் அந்தப் பாசி சமைக்கிறது, பவளம் சாப்பிடுகிறது. பகலில் பெரும்பாலான பவளங்கள் கல்போலச் சும்மா கிடப்பதற்கு இதுதான் காரணம். பகல் படகில் போனபோது இவை உயிருள்ளவை என்பதே எனக்கு உறைக்கவில்லை.

தண்ணீரில் இறங்குமுன் பெயர் சொல்லி எண்ணினார்கள். ஏறியதும் எண்ணினார்கள். மறுபடி ஒரு தடவை. எனக்குச் சலிப்பாக இருந்தது. அப்புறம்தான் அக்கா மகள் சொன்னாள். 1998இல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் முங்கப் போன ஒரு தம்பதியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பிவிட்டது. ஆள் குறைவது தெரியவே இரண்டு நாளாயிற்று. அவர்கள் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் அங்கே எண்ணிக்கை விதிகள் இறுகின. அதைக் கேட்டபிறகு, என் பெயரைக் கூப்பிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைத் தூக்கிச் சத்தமாகப் பதில் சொன்னேன்.

ஸ்நார்க்கெலிங் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குப்புற மிதக்க வேண்டும், குழாய் வழியாக மெதுவாக மூச்சு விட வேண்டும், கூட ஒருவர் இருக்க வேண்டும். மாஸ்க்கின் உட்புறம் எச்சில் தடவிக் கழுவினால் பனி படியாது. மிதவைச் சட்டை போடுவதற்கு வெட்கப்படாதீர்கள். நான் போட்டேன். முதுகு வெயிலில் வெந்துபோகும் என்பதால் முழுக்கை நீச்சல் சட்டை போடுவதுதான் நல்லது. வெயில் களிம்புகளில் இருக்கும் சில ரசாயனங்கள் பவளத்துக்குக் கெடுதல் என்று சொல்லி, பசிபிக் தீவு நாடான பலாவ் 2020இலும் ஹவாய் 2021இலும் அவற்றுக்குத் தடை போட்டன.

மாலையில் ஓர் ஆசை வந்தது. பயிற்சி இல்லாதவர்களையும் பயிற்றுநர் கூடவே இருந்து சில மீட்டர் ஆழம் வரை சிலிண்டரோடு அழைத்துப்போவார்கள். அதற்குப் பெயர் கொடுத்தேன். முத்துக்குளிப்பவர்கள் மூச்சை அடக்கி முங்குவார்கள் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஸ்கூபாவில் முதல் விதியே அதற்கு நேர் எதிர்: மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடைத்துவைத்துக்கொண்டு மேலே வந்தால், அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் தாங்காது. அந்தந்த ஆழத்தின் அழுத்தத்துக்குத் தகுந்தபடி, நாம் இழுக்கும்போது மட்டும் காற்றைத் தருவதுதான் ரெகுலேட்டரின் வேலை. இன்றைய கருவிக்கு வழிவகுத்ததை 1943இல் பிரான்சில் கடற்படை அதிகாரி கூஸ்தோவும் பொறியாளர் கன்யானும் செய்தார்கள்.

மூச்சு எனக்குச் சரியாகவே வந்தது. காதுதான் வரவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி, இறங்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் காதைச் சமன்செய்ய வேண்டும், வலி வருவதற்கு முன்பே. மீனைப் பார்த்த மயக்கத்தில் நான் மறந்துவிட்டேன். மூன்று மீட்டரில் காதுக்குள் ஊசி. பயிற்றுநர் என்னைக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து மறுபடி முயன்றார். சரியாகவில்லை, ஏறிவிட்டோம். வலியோடு இறங்கியே தீருவேன் என்று நிற்காததுதான் அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். செவிப்பறை கிழிந்தால் அன்று இரவு கப்பலறைதான் மிச்சம்.

பகல் படகுகளெல்லாம் போய்விட்டன. பொழுது சாயும் நேரத்தில் வழிகாட்டி எங்கள் நான்கு பேரை ஸ்நார்க்கெலோடு திட்டின் விளிம்புக்கு அழைத்துப்போனார். பகலில் கூட்டம் கூட்டமாகத் திரிந்த மஞ்சள், நீல மீன்கள் ஒவ்வொன்றாக இடுக்கு பார்த்துப் போய் ஒளிந்தன. நல்ல இடத்துக்குத் தள்ளுமுள்ளுகூட நடந்தது. அதன்பிறகு ஏறக்குறைய இருபது நிமிடம், திட்டில் ஒருவருமே இல்லாததுபோல் இருந்தது. பகல் மீன்கள் அடங்கிவிட்டன, இரவு மீன்கள் இன்னும் வெளியே வரவில்லை. அரையிருட்டில் கீழே இருந்து மேலே பார்க்கும் வேட்டை மீனுக்கு, வானத்தின் எதிரே சின்ன மீன் நிழலாகத் தெரியும். அதனால் அந்த நேரத்தில் வெளியே நிற்பது ஆபத்து. ஆலைகளில் ஒரு ஷிப்டு போய் அடுத்த ஷிப்டு வருவதற்கு இடையில் வாசல் வெறிச்சோடுமே, அப்படி. என்னைக் கேட்டால் அந்த இருபது நிமிடத்துக்காகவே இரவு தங்கலாம்.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. கடுகு வெடிப்பதுபோல் ஓயாத படபடப்பு. சொடுக்கு இறால் என்று ஒன்று இருக்கிறது, விரலளவுகூட இல்லை. கொடுக்கை அது அடித்து மூடும் வேகத்தில் ஒரு குமிழி உருவாகி உடைகிறது. அந்தச் சத்தம்தான் அது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் ஓடுவதால், இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்துவிடுகிறது.

நன்றாக இருட்டியதும் அக்கா மகள் மற்ற டைவர்களோடு இறங்கினாள். ஆளுக்கு இரண்டு டார்ச், சிலிண்டரில் கட்டிய சின்ன விளக்கு. இருட்டில் பேச்சு முழுக்க வெளிச்சத்தில்தான். டார்ச்சால் மெல்ல வட்டம் போட்டால் நலம், வேகமாக அப்படியும் இப்படியும் ஆட்டினால் ஆபத்து. நாங்கள் மிதவை வளையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேலேயே மிதந்தோம். திட்டின் தலை எங்களுக்குக் கீழே மூன்று மீட்டரில் இருந்தது.

டார்ச்சைத் திருப்பினேன். பகலில் பழுப்பாகவும் மங்கலாகவும் பார்த்த இடமெல்லாம் சிவப்பு! சூரிய வெளிச்சத்தில் இருக்கும் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் விழுங்குகிறது. சில மீட்டர் ஆழத்திலேயே அது மங்கத் தொடங்கிவிடும். டார்ச்சை அருகே கொண்டுபோனால் வெளிச்சம் கடக்கும் தண்ணீர் கொஞ்சம்தான், அதனால் நிறம் அப்படியே திரும்பிவருகிறது. பவளங்களும் பகலில் பார்த்தவை இல்லை. கல் என்று நினைத்ததன் மேலெல்லாம் பூ மலர்ந்ததுபோல உணர்கொம்புகள் விரிந்திருந்தன. இருட்டியதும் மேலே ஏறிவரும் மிதவை உயிரிகளைக் கொட்டிப் பிடித்து உண்ணும் நேரம் அது. பகலில் பாசியின் சமையல், இரவில் சொந்த வேட்டை.

ஒரு பாறை விளிம்புக்குக் கீழே கிளிமீன் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கண்ணாடிபோன்ற மெல்லிய உறை. கிளிமீன்களில் சில இனங்கள் ஒவ்வோர் இரவும் வாயிலிருந்து கோழை சுரந்து, உடம்பு முழுவதையும் மூடிக்கொண்டு தூங்குகின்றன. மோப்பம் பிடித்து வரும் விலாங்கிடமிருந்து தப்பத்தான் என்று முன்பு நினைத்தார்கள். ஆனால் இரவில் மொய்த்து ரத்தம் குடிக்கும் ஒட்டுண்ணிகளை இந்த உறை தடுப்பதை ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் இது கொசுவலைதான். கட்டித் தொங்கவிடும் வேலைகூட இல்லை.

நான் அதன்மேல் டார்ச்சைக் காட்டியபடியே நின்றேன். வழிகாட்டி என் கையைத் தட்டி விளக்கை விலக்கினார். ஏன் என்பது ஐந்து நிமிடத்தில் புரிந்தது. டைவர்களுக்குப் பின்னாலேயே பெரிய பாரை மீன்கள் இரண்டு வந்துகொண்டிருந்தன. யாரோ ஒருவர் வெளிச்சத்தில் ஒரு சின்ன மீனைக் காட்டினார். அவ்வளவுதான், பாரை பாய்ந்து அள்ளிக்கொண்டு போயிற்று. அவை டார்ச்சைத் தங்கள் வேட்டைக்குப் பயன்படுத்தப் பழகியிருக்கின்றன. வேடிக்கை பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு காட்டிக்கொடுக்கிறோம்.

கடைசியில் எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொன்னார்கள். பயம்தான். கையை அசைத்தேன். விரல்களுக்கு இடையே நீலப் பொறிகள் தெறித்தன. தண்ணீர் கலங்கினால் ஒளிவிடும் நுண்ணுயிரிகள். கீழே டைவர்கள் போன வழியெல்லாம் மங்கலாக மினுங்கியது. எவ்வளவு நேரம் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. என்னை இழுத்துத்தான் படகில் ஏற்றினார்கள். ஏறியதும் பெயர் கூப்பிட்டார்கள், சத்தமாகப் பதில் சொன்னேன்.

தூக்கம் என்று பெரிதாக இல்லை. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டே இருந்தது. மேல்தளத்தில் அக்கா மகளோடு உட்கார்ந்து பேசினேன். ஆண்டில் ஒருசில இரவுகளில், முழுநிலவு கழிந்த சில நாட்களில், ஒரு திட்டின் பவளங்கள் பலவும் ஒரே நேரத்தில் முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடும் என்றாள். இளஞ்சிவப்பு உருண்டைகள் மேல்நோக்கிப் பெய்யும் மழைபோல ஏறுமாம். இவ்வளவு பெரிய விஷயம் பெரும் பவளத்திட்டில் கண்டறியப்பட்டதே 1980களில்தான். எங்கள் இரவு அந்த இரவு இல்லை.

மறுநாள் காலை அவளுக்கு ஸ்கூபா கிடையாது. அடுத்த நாள் விடிகாலையில் எங்களுக்கு விமானம். தொடர்ந்து முங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் முழுதாக வெளியேறுமுன் உயரத்துக்குப் போனால், உள்ளேயே குமிழிவிட்டு மூட்டையும் நரம்பையும் பதம்பார்க்கும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, தாராளமாக இடைவெளி இருக்கட்டும் என்று சிலிண்டரை ஓரம் வைத்துவிட்டாள். என்னைப்போலவே ஒரு குழாயை மாட்டிக்கொண்டு ஆறரை மணிக்கு இறங்கினாள்.

திட்டின் ஒரு பக்கத்தில் வெள்ளைவெளேரென்று நின்ற கிளைகளைக் காட்டினாள். இரவு அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தாலே பவளம் தன் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய்விடும், சமையலும் நின்றுவிடும். உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பக் குடியேறும். 1998இல் நடந்ததையும் சேர்த்து உலகளாவிய வெளுப்பு இதுவரை நான்கு முறை நடந்திருக்கிறது, நான்காவதை 2024இல் அறிவித்தார்கள். நாங்கள் பார்த்தவை எந்த நிலையில் இருந்தனவோ, கொஞ்ச நேரம் அதற்கு மேலேயே மிதந்தோம்.

அப்புறம் நேற்றைய பாறை விளிம்பைத் தேடிப் போனோம். கிளிமீன் இல்லை. கிழிந்த கோழைத் துணுக்கு ஒன்று மட்டும் கல்லில் ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. அவள் என் தோளைத் தொட்டாள். தலையை அசைக்காமல் கேட்கச் சொல்லிக் காதைக் காட்டினாள். இறால்களின் படபடப்புக்கு நடுவே கரகரவென்று, கல்லைக் கடிக்கும் சத்தம். சற்றுத் தள்ளி, கிளிமீன்கள் நான்கைந்து பாசியைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தன. அதில் ஒன்றின் பின்னால் வெண்புகைபோல் மணல் கொட்டியது. கடிக்கும் சுண்ணாம்பையெல்லாம் அவை அரைத்து இப்படித்தான் வெளியேற்றும். பெரிய இனமாக இருந்தால் ஒரே மீன் ஆண்டுக்குச் சில நூறு கிலோ.

எது நேற்று தூங்கியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தொலைவில் அன்றைய முதல் பகல் படகின் எஞ்சின் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

வணக்கம்.