முடிவு போடாத தபால்

வணக்கம். இன்பாக்ஸ் நிரம்பி வழிகிறது, திறக்கவே பயமாக இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. கணினி படித்தவன் என்று என்னைக் கூப்பிடவில்லை. 31 வருடம் வருவாய்த் துறை அலுவலகங்களில் இருந்தேன், அதில் பாதிக் காலம் காலையில் வந்து குவியும் தபாலோடு மல்லுக்கட்டியே போனது, அந்த அனுபவத்தில் பேசுகிறேன். காகிதம், பேனா எதுவும் தேட வேண்டாம், கையில் இருக்கிற வேலையைச் செய்துகொண்டே கேளுங்கள்.

தபாலைக் கொட்டினால் மேஜை மறைந்துவிடும். பட்டா மாறுதல் மனு, வாரிசுச் சான்று கேட்டு ஒரு மனு, மேல் அலுவலகத்தின் நினைவூட்டு, ஏதோ ஒரு கூட்டத்துக்கு அழைப்பு, எல்லோருக்கும் அனுப்பிய நகல் ஒன்று, எல்லாம் கலந்து கிடக்கும். ஆனால் எந்தத் தபாலும் அந்த மேஜையிலேயே தங்காது. தேதி முத்திரை விழும், எந்த இருக்கைக்கு உரியது என்று குறிப்பார்கள், அந்த இருக்கையில் இருக்கும் உதவியாளர் தன்பதிவேட்டில் எண் கொடுத்துப் பதிந்துகொள்வார். தன்பதிவேடு என்பது ஒவ்வொரு உதவியாளரும் தனக்கென்று வைத்திருக்கிற பெரிய நோட்டு. வந்தது எது, பதில் போனது எது, நிலுவை எது, எல்லாம் அதைப் பார்த்தால் தெரிந்துவிடும், குறித்த நாளில் அதைக் கண்காணிப்பாளர் முன்னால் வைத்தாக வேண்டும்.

சரி, வேலை முடிந்த கோப்பை என்ன செய்வது? அதற்கு முடிவு போட வேண்டும். நான் இன்று சொல்ல வந்ததே இந்த ஒரு விஷயத்தைத்தான், முடிவு போடுவது. ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு, அந்தக் கோப்பை ஒரு வருடம் வைத்திருந்தால் போதும். மூ.மு. என்றால் மூன்று வருடம். ப.மு. பத்து வருடம். நி.மு. நிரந்தரம், அதைக் கழிக்கவே கூடாது. ஒரு தாளுக்கு எத்தனை வருட ஆயுள் என்று அதைக் கையில் வைத்து வேலை பார்த்தவரே எழுதி, கோப்பு பதிவறைக்குப் போய்விடும். முடிவு போடாத கோப்பு இருக்கையை விட்டு நகராது, அது அங்கே கிடக்கிற வரை பார்க்கிற போதெல்லாம் மனசில் ஒரு பாரம்.

இன்பாக்ஸில் கிடப்பதெல்லாம் அப்படி முடிவு போடாத தபால்தான். படித்ததும் அங்கேயே, படிக்காததும் அங்கேயே, மூன்று வருடத்துக்கு முன் பயணம் போய் வந்த ரயில் டிக்கெட்டும் அங்கேயே.

என் தம்பி மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். படிப்பு முடித்து ஒரு நிறுவனத்தில் நேர்காணல் நன்றாக நடந்தது, சான்றிதழ்களைக் கேட்டு மெயில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வரவே இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு அவளே போன் போட்டாள். உங்களுக்கு அனுப்பிய மெயில் திரும்பி வந்துவிட்டதே, நாளை சாயங்காலத்துக்குள் சான்றிதழ்கள் வேண்டுமே என்றார்களாம். அழுகிற குரலில் என்னிடம் வந்தாள். "பெரியப்பா, வந்த மெயில் எப்படித் திரும்பிப் போகும்?"

போனை வாங்கிப் பார்த்தேன். படிக்காத மெயில் மட்டும் 14,000-க்கு மேல். அது போக, இடம் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சிவப்பில் ஒரு எச்சரிக்கை, அது பல நாளாகவே இருந்திருக்கிறது, விளம்பரங்களோடு விளம்பரமாக அதையும் தள்ளிவிட்டிருக்கிறாள். இலவச ஜிமெயில் கணக்குக்கு 15 ஜிபி. அந்த இடம் மெயிலுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், கூகுள் போட்டோஸில் சேரும் படங்களும் டிரைவில் இருக்கும் கோப்புகளும் அதே 15 ஜிபியைத்தான் தின்கின்றன. அது தீர்ந்து போனால் நீங்கள் மெயில் அனுப்ப முடியாது, உங்களுக்கு வருவதும் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

விவரம் தெரியாமல் அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளம்பர மெயில்களை நூறு நூறாக அழித்திருக்கிறாள், எச்சரிக்கை அப்படியே நின்றது. விளம்பர மெயில் ஒவ்வொன்றும் கடுகளவு. கனமாக இருந்தது எது என்றால் அக்காவின் வளைகாப்பு வீடியோ, கல்லூரி விழா வீடியோ, அப்புறம் புராஜெக்ட் சமயத்தில் தோழிகள் மாற்றி மாற்றி அனுப்பிய பெரிய பெரிய இணைப்புகள். வீடியோக்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு அழித்தோம். மெயிலில் மேலே தேடும் இடத்தில், லார்ஜர் என்று ஆங்கிலத்தில் அடித்து, பக்கத்திலேயே ஒரு முக்காற்புள்ளி, அதாவது ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு புள்ளி, வைத்து, 10எம் என்று அடித்தால், 10 எம்பிக்கு மேல் உள்ள மெயில்கள் மட்டும் வந்து நிற்கும். லார்ஜர், முக்காற்புள்ளி, 10எம், இந்த ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றையும் அழித்தோம். இன்னும் ஒரு படி இருக்கிறது, அழித்த மெயில் குப்பைக்குள் 30 நாள் கிடக்கும், அதுவரை இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் குப்பையையும் காலி செய்ய வேண்டும். இரவு பதினொன்றரைக்கு எச்சரிக்கை போனது. காலையில் அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து மறுபடி அனுப்பச் சொன்னாள், வந்தது, மதியத்துக்குள் சான்றிதழ்கள் போய்ச் சேர்ந்தன. இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

அந்த 14,000-க்கும் அந்த வாரமே முடிவு போட உட்கார்ந்தோம். ஒவ்வொன்றாகத் திறந்தால் ஆயுசு போதாது. அனுப்பியவர் பெயரைத் தேடி மொத்தமாக எடுக்க வேண்டும். துணிக்கடை விளம்பரம், இன்றே கழிக்கலாம். ஓடிபி வந்த மெயிலுக்குப் பத்து நிமிடம்கூட ஆயுள் இல்லை. பயண டிக்கெட், ஊர் போய்ச் சேர்ந்தால் முடிந்தது. பொருள் வாங்கிய ரசீது, வாரண்டி தீரும் வரை. வங்கி அறிக்கை பத்து வருடம் இருக்கட்டும். சான்றிதழ், காப்பீடு, நிலம் சம்பந்தப்பட்டது, இவை நி.மு., இவற்றை மெயிலில் மட்டும் விட்டுவைக்காமல் வேறு ஓர் இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள்.

ஆர்க்கைவ் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதைத் தொடப் பலருக்குப் பயம், அழிந்துவிடுமோ என்று. அழியாது. அதுதான் பதிவறை. மெயில் இன்பாக்ஸிலிருந்து நகர்ந்து 'ஆல் மெயில்' என்ற இடத்தில் இருக்கும், எப்போது தேடினாலும் கிடைக்கும். திரும்பவும் சொல்கிறேன், ஆர்க்கைவ் செய்தால் அழியாது. ஆனால் இடம் மிச்சமாகாது என்பதும் தெரிந்திருக்கட்டும், பதிவறைக்குப் போன கோப்பும் அலமாரியில் இடம் பிடிக்கத்தானே செய்யும்.

விளம்பரங்களை அழித்துக்கொண்டே இருப்பதைவிட வராமல் நிறுத்துவது நல்லது. மொத்தமாக விளம்பரம் அனுப்புகிறவர்கள் ஒரே அழுத்தில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்று 2024-இல் கூகுளும் யாகூவும் விதி கொண்டுவந்தன. அதனால் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலேயே அன்சப்ஸ்கிரைப் என்று தெரியும். உங்களுக்குத் தெரிந்த கடை, தெரிந்த வங்கி என்றால் அழுத்துங்கள். பரிசு விழுந்திருக்கிறது, கணக்கு முடங்கப் போகிறது என்று முன்பின் தெரியாதவன் அனுப்பியதில் எதையுமே அழுத்தக் கூடாது, ஸ்பேம் என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் போன் பார்க்கிறார்கள் என்றால் இதை அவர்களுக்கும் தயவுசெய்து சொல்லுங்கள்.

அடுத்து அலுவலக மெயிலைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நகல் யாருக்கு வேண்டுமோ அவருக்கு மட்டும் போடுங்கள், நீங்கள் போடுகிற ஒவ்வொரு சிசியும் இன்னொருவர் மேஜையில் விழுகிற தபால். பொருள் எழுதும் இடத்தில் 'அவசரம்' என்று மட்டும் எழுதாமல் என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். இன்று பதில் சொல்ல முடியாத மெயிலுக்கு ஸ்னூஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, நீங்கள் குறிக்கிற தேதியில் அது தானாக மேலே வந்து நிற்கும், எங்கள் அலுவலகத்து நினைவூட்டு மாதிரி. அந்தத் தேதியை மட்டும் மெயிலைப் படித்த உடனேயே குறித்துவிடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று மூடிவிட்டால் கீழே போய்விடும். நேரம் முடிந்தது என்று விளக்கைப் போட்டுவிட்டார்கள். வணக்கம்.