முழங்கை யாருடையது?

வணக்கம் நேயர்களே. கால் மணி நேரம் தருகிறோம், பிடித்ததைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது ஐஸ் ஹாக்கி என்றேன். விதிமுறை வகுப்பு எடுத்துவிடுவேனோ என்று அவர்கள் முகத்தில் ஒரு கலக்கம் தெரிந்தது. கவலைப்படாதீர்கள், நான் பேச வந்தது சோபாவில் உட்கார்ந்து பார்க்கிற நம்மைப் பற்றி. முரட்டு ஆட்டத்தைப் பார்த்து நமக்கு வருகிற கோபம் ஏன் ஒரு நாள் வருகிறது, இன்னொரு நாள் வருவதில்லை என்பதைப் பற்றி.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ரசிகன். என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் ஸ்டான்லி கோப்பையை 1967க்குப் பிறகு கையில் வாங்காத அணி. இப்போது சிலர் சிரித்திருப்பீர்கள். பரவாயில்லை, பழகிவிட்டது.

சாம் பென்னெட் என்று ஓர் ஆட்டக்காரர். ஃப்ளோரிடா பேந்தர்ஸ் அணிக்காரர். 2023 மே மாதம், பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிக் கட்டச் சுற்றுகளில் இரண்டாவது. எங்கள் அணியில் மேத்யூ நைஸ் என்று ஒரு பையன், கல்லூரி அணியை விட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பென்னெட் அவரைப் பிடித்துப் பனித்தரையில் சாய்த்தார். மூளையதிர்ச்சி. அந்தத் தொடரில் நைஸ் மறுபடி ஆடவில்லை. அந்த மோதலுக்கு ரெஃபரி விசிலே ஊதவில்லை. நான் வீட்டில் எழுந்து நின்று கத்திய கத்தலை இங்கே திருப்பிச் சொன்னால் ஒலிவாங்கியைப் பிடுங்கிவிடுவார்கள்.

அடுத்த வருடம், 2024 மே. அதே பென்னெட். இந்த முறை எதிரே பாஸ்டன் அணியின் பிராட் மார்ஷண்ட். அவர் எப்பேர்ப்பட்டவர் என்றால், 2018 பிளேஆஃபில் எங்கள் லியோ கோமரோவின் முகத்தை நாக்கால் நக்கியவர். ஆமாம், சரியாகத்தான் கேட்டீர்கள், நக்கினார். அப்படிப்பட்டவர் மேல் பென்னெட் மோதினார். கையுறையோடு முகத்தில் ஒரு குத்தும் விழுந்தது போலப் பிறகு வந்த காணொளியில் தெரிந்தது. மார்ஷண்ட் அடுத்த இரண்டு ஆட்டங்களுக்கு வரவில்லை. நான் என்ன செய்தேன்? தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்தேன். அவ்வளவுதான்.

இன்னும் முடியவில்லை. 2025 பிப்ரவரியில் நான்கு நாடுகள் மோதிய போட்டி நடந்தது. கனடா அணியில் பென்னெட்டும் இருக்கிறார், மார்ஷண்டும் இருக்கிறார். 15ஆம் தேதி மாண்ட்ரியலில் அமெரிக்காவுடன் ஆட்டம். தொடங்கி ஒன்பது விநாடிக்குள் மூன்று கைகலப்பு! இரண்டாவது சண்டையில் நம்ம பென்னெட். கவனித்தீர்களா, ‘நம்ம’ பென்னெட். நான் கை தட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “இவரைத்தானே ரெண்டு வருஷமா திட்டிக்கிட்டு இருந்தீங்க?” என்று கேட்டாள். “அது வேற” என்றேன். என்ன வேறு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். ஐந்து நாள் கழித்து பாஸ்டனில் இறுதி ஆட்டம். இரண்டுக்கு இரண்டு என்று சமன் செய்த கோலை அடித்தவரே பென்னெட்தான். கூடுதல் நேரத்தில் கனடா ஜெயித்தது. குதித்தேன்.

அப்புறம் மே வந்தது. லீஃப்ஸ், பேந்தர்ஸ், முதல் ஆட்டம். எங்கள் கோல் கீப்பர் ஆண்டனி ஸ்டோலார்ஸின் தலையில் பென்னெட்டின் கை இடிக்கிறது. பெனால்டி இல்லை, பிறகு தடையும் இல்லை. ஸ்டோலார்ஸ் அந்தத் தொடரில் மறுபடி ஆட இறங்கவில்லை. நான் மறுபடி எழுந்து நின்று கத்தினேன். பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் அந்த மனிதரின் முழங்கையில் எந்த மாற்றமும் இல்லை. ஜெர்சிதான் மாறியிருந்தது.

சரி, இதை வெறும் இரட்டை வேடம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ‘எல்லாம் தெரிந்துகொண்டே நடிக்கிறான்’ என்று. எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் நடிக்கவில்லை. மே மாதம் நான் பார்த்தது உண்மையிலேயே ஒரு அக்கிரமம். பிப்ரவரியில் பார்த்தது உண்மையிலேயே ஒரு வீரம். கண் பார்த்து முடித்த பிறகு அணிப்பற்று வந்து சாக்குச் சொல்வதில்லை. கண் பார்க்கும்போதே அதுவும் கூட உட்கார்ந்திருக்கிறது.

இதை அந்தக் காலத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஐஸ் ஹாக்கியில் இல்லை, அமெரிக்கக் கால்பந்தில். 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஒரு முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டன் நட்சத்திரத்துக்கு மூக்கு உடைந்தது, டார்ட்மத் ஆட்டக்காரர் ஒருவருக்குக் கால் உடைந்தது. ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம், இரு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் ஒரே படச்சுருளைப் போட்டுக் காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த தப்பு சராசரியாக எத்தனை? டார்ட்மத் மாணவர்கள் கண்ணுக்கு 4.3. பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்ணுக்கு 9.8. படம் ஒன்றேதான்.

எனக்கு எண்ணைவிடப் பிடித்தது அதோடு வருகிற ஒரு கதை. ஊரில் தம் ஆட்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்று டார்ட்மத் பழைய மாணவர் ஒருவர் அந்தப் படத்தை வரவழைத்தார். முதலில் தனியாகப் போட்டுப் பார்த்தார். நம் பையன்கள் அத்தனை தப்பு செய்ததாகப் பத்திரிகையில் எழுதினார்களே, படத்தில் ஒன்றையும் காணோமே! உடனே தந்தி அடித்தார்: முக்கியமான பகுதி வெட்டப்பட்டிருக்கிறது, விமானத் தபாலில் அனுப்புங்கள், ஒட்டிக்கொள்ளக் கருவி எங்களிடமே இருக்கிறது என்று. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை, பாருங்கள். பொய் சொல்கிறவன் காசு செலவழித்துத் தந்தி அடிப்பானா?

இதைப் படித்த பிறகு நானும் வீட்டில் ஒரு சோதனை வைத்தேன். என் மச்சினர் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் ரசிகர். அவர் இருக்கும்போது நாங்கள் தனித்தனி சோபாவில் உட்காருவதே வீட்டுக்கு நல்லது. ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் ஆளுக்கு ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டோம். ரெஃபரியை மறந்துவிட வேண்டும், தப்பு என்று கண்ணுக்குப் பட்டதை நேரத்தோடு குறிக்க வேண்டும், இரண்டு அணிக்கும் நேர்மையாக. ‘நேர்மையாக’ என்று அவர் இரண்டு முறை சொன்னார், என்னைப் பார்த்து.

முதல் இடைவேளையில் தாளை மாற்றிக்கொண்டோம். என் தாளில் அவர்கள் பக்கம் வழிந்தது, அவர் தாளில் எங்கள் பக்கம் வழிந்தது. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இன்னொன்று. நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரே சம்பவத்துக்கு இரண்டு பெயர் வைத்த இடங்கள் குறைவு. நான் குறித்திருந்த பலவற்றை அவர் பார்க்கவே இல்லை. அவர் குறித்தவற்றை நான் பார்க்கவில்லை. “நாலாவது நிமிஷம், பலகை ஓரம், முதுகில் மட்டையால் தள்ளினானே!” என்கிறேன். “அப்போ பக் அங்கேயா இருந்துச்சு, மாப்பிள்ளை?” என்கிறார். பக் என்றால் ஆட்டத்தில் அடிக்கிற ரப்பர் வட்டு. ஓட்டிப் பார்த்தோம். இருந்தது. அவர் கண் அந்த நேரம் வலைக்கு முன்னால் நின்ற தன் ஆள் மேல் இருந்திருக்கிறது, அவனை யாரும் இடித்துவிடக் கூடாதே என்று. பெற்றவள் பள்ளி விழாவில் மேடை முழுவதையுமா பார்க்கிறாள்?

அந்தத் தாள்கள் இரண்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு நான் கண்டுபிடித்தது இது. நம்மவர் அடித்தால் அதற்கு முன்னால் நடந்ததைப் பார்க்கிறோம். அவர்கள் அடித்தால் அதற்குப் பின்னால் நடந்ததைப் பார்க்கிறோம். எங்கள் ஆள் அடித்தபோது என் குறிப்பு: ‘முதலில் அவன்தான் சீண்டினான்.’ அவர்கள் ஆள் அடித்தபோது: ‘எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆச்சு.’ ஒன்றில் காரணம், இன்னொன்றில் காயம். முன்னால், பின்னால். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதிகளும் இதற்கு இடம் கொடுக்கின்றன. ஐஸ் ஹாக்கியில் உடம்பால் மோதுவது தப்பே இல்லை, ஆட்டத்தின் ஒரு பாகம். எவ்வளவு வேகமாக மோதினான், எதிராளி தன்னைக் காத்துக்கொள்ளும் நிலையில் இருந்தானா, தலையில் படாமல் தவிர்த்திருக்கலாமா என்பதெல்லாம்தான் கேள்வி. அத்தனையும் பார்க்கிறவர் தீர்ப்புக்கு விட்டது. கோல் விழுந்ததா இல்லையா என்பதற்கு ஒரு கோடு இருக்கிறது. ‘தவிர்த்திருக்கலாம்’ என்பதற்குக் கோடு எங்கே? மெதுவாக ஓட்டிக் காட்டினால் தெளிவாகிவிடும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மெதுவாக ஓட்டினால் எல்லாமே வேண்டுமென்று செய்தது போலத்தான் தெரியும், யோசிக்க அவனுக்கு நிறைய நேரம் இருந்தது போல.

2004ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வேடிக்கையாகப் பேச முடியாத சம்பவம் இது. பிப்ரவரி 16, கொலராடோ அணியின் ஸ்டீவ் மூர், வேன்கூவர் அணித் தலைவர் மார்க்கஸ் நாஸ்லுண்ட் மேல் மோதினார். பெனால்டி இல்லை. நாஸ்லுண்டுக்கு மூளையதிர்ச்சி. மார்ச் 8, வேன்கூவரின் டாட் பெர்டூஸி, மூரைப் பின்னாலிருந்து குத்தி வீழ்த்தினார். மூரின் கழுத்தில் மூன்று எலும்புகள் முறிந்தன. அவர் பிறகு என்.எச்.எல். ஆட்டம் எதிலும் இறங்கவே இல்லை. பெர்டூஸி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இந்தக் கதையை ஒரு வேன்கூவர் ரசிகரிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பிப்ரவரி 16இலிருந்து ஆரம்பிப்பார். கொலராடோ ரசிகர் மார்ச் 8இலிருந்து ஆரம்பிப்பார். இருவர் சொல்வதும் நடந்ததுதான். எந்தத் தேதியில் கதையைத் தொடங்குகிறோம் என்பதில் நம் அணி தெரிந்துவிடுகிறது.

எங்கள் வீட்டுக் கதையும் ஒன்று இருக்கிறது. நஸீம் கத்ரி, அப்போது எங்கள் லீஃப்ஸ் ஆட்டக்காரர். 2018 பிளேஆஃபில் மூன்று ஆட்டத் தடை. 2019இல் பாஸ்டனின் ஜேக் டிபிரஸ்க் முகத்தில் மட்டையை வைத்துத் தள்ளியதற்காக அந்தச் சுற்று முழுவதும் தடை. நாங்கள் என்ன சொன்னோம்? அதற்குச் சற்று முன்னால் டிபிரஸ்க்தான் எங்கள் மூத்த ஆட்டக்காரர் மார்லோ மேல் மோதினான், கத்ரி தோழனுக்காகப் பழி வாங்கினான் என்றோம். முன்னால் நடந்ததைப் பிடித்துக்கொண்டோம், பார்த்தீர்களா? இரண்டு முறையும் சுற்றின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில் தோற்றோம். அப்போதுதான் கத்ரி மேல் கோபம் வந்தது. அவர் ஒருவன் முகத்தில் அடித்தார் என்று இல்லை, ஆட்டத்துக்கு இல்லாமல் போய்விட்டாரே என்று. அந்தக் கோடையிலேயே அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். அடிபட்ட டிபிரஸ்க்கின் முகம் எப்படி இருந்தது என்று நான் அன்று கவனித்ததாகவே நினைவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். மாண்ட்ரியல் கலவரத்தைப் பற்றி நீளமாகப் பேசத்தான் வந்தேன், பென்னெட் நேரத்தைத் தின்றுவிட்டார். சுருக்கமாகச் சொல்கிறேன். 1955 மார்ச் 13, பாஸ்டனில் ஆட்டம். மாண்ட்ரியலின் மோரிஸ் ரிச்சர்ட் தலையில் எதிரணிக்காரர் மட்டை பட்டு ரத்தம். ரிச்சர்ட் திருப்பி மட்டையால் அடித்தார், தடுத்த லைன்ஸ்மேனையும், அதாவது துணை நடுவரையும், குத்தினார். லீக் தலைவர் கேம்பல் அவரை மீதி ஆட்டங்களுக்கும் பிளேஆஃபுக்கும் தடை செய்தார். 17ஆம் தேதி கேம்பல் மாண்ட்ரியல் அரங்குக்கே வந்து உட்கார்ந்தார். கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது, ஆட்டம் நின்றது, தெருவில் கடைகள் நொறுங்கின. மறுநாள் ரிச்சர்டே வானொலியில் பேசி மக்களை அமைதிப்படுத்தினார். கலவரத்துக்கு மொழிச் சிக்கல், பிரெஞ்சுக்காரர்களின் பழைய மனத்தாங்கல் என்று நிறையக் காரணம் உண்டு, அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. கோல் அடித்தாலும் அடிக்க உதவினாலும் ஆட்டக்காரருக்கு ஒரு புள்ளி. அந்த வருடம் அதுவரை புள்ளிப் பட்டியலில் ரிச்சர்ட்தான் முதலிடம். அவர் தடையில் இருந்தபோது, அவருடைய அணித் தோழர் ஜெஃப்ரியோன் ஒரே ஒரு புள்ளியில் அவரைத் தாண்டிவிட்டார். 75க்கு 74. மாண்ட்ரியல் அரங்கில், மாண்ட்ரியல் ஜெர்சி போட்டு, யாரையும் அடிக்காமல் தன் வேலையைச் செய்த மனிதர். சொந்த ரசிகர்களே அவரைப் பார்த்துக் கூச்சலிட்டு ஏசினார்கள். லைன்ஸ்மேனைக் குத்தியவருக்கு…

சரி, கையை முழுதாகவே காட்டிவிட்டார்கள். மச்சினர் கேட்டுக்கொண்டிருப்பார், இதற்கு அவர் பதில் சொல்லாமல் விடமாட்டார். வணக்கம்.